முதலில் யாரிடம் சொன்னீர்கள்?

மத்தேயு 7-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் தெரியாத கிறிஸ்தவர் கிடையாது. "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட இந்த ஒரு வசனத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள், அதுவும் யாராவது அவர்களைக் கேள்வி கேட்கும்போது. என்னைக் கேட்க நீ யார், உங்கள் பைபிளே நியாயந்தீர்க்காதே என்றுதானே சொல்கிறது என்று ஒரு போடு போட்டால் எதிரே நிற்பவருக்கு அதற்கு மேல் பேச்சு வராது. இன்னொரு பக்கம், இதே வசனத்தை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவர்கள், ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் நாலு பேருடைய சாட்சியை அலசி முடித்திருப்பார்கள். யார் எந்த உடையில் வந்தார், யார் இராப்போஜனம் எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை, அப்படியானால் ஏதோ இருக்கிறது... வசனம் இரண்டு தரப்புக்கும் தெரியும். தெரிந்து என்ன?

இந்த வசனத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை 'அடுத்தவன் குறையைப் பார்க்காதே, உன்னைப் பார்' என்பதோடு முடிந்துவிடும். கேட்க நன்றாக இருக்கும், வீட்டுக்கு வந்ததும் ஒன்றுக்கும் உதவாது. ஏனென்றால் பார்க்காமல் இருக்க முடியாது. கூடவே இருக்கும் ஒருவர் குடித்துக் குடித்து அழிவதும், இன்னொருவர் மனைவியிடம் பேசுகிற விதமும், காணிக்கைக் கணக்கு இடிப்பதும் கண்ணில் படத்தான் செய்யும். அப்போது கண்ணை மூடிக்கொள்வதை அன்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை. அது நம்முடைய சௌகரியம். எனக்கென்னவோ இயேசு கேட்பது வேறு கேள்வி என்று படுகிறது. பார்த்தாய், சரி, பார்த்ததை முதலில் யாரிடம் போய்ச் சொன்னாய்?

மத்தேயு 7-இன் முதல் ஐந்து வசனங்களையும் நிறுத்தி வாசித்தால் இது பிடிபடும். சகோதரன் கண்ணில் துரும்பு இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. இருக்கிறது, அதை எடுக்கவும் வேண்டும், ஆனால் வரிசை மாறக் கூடாது. "முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்" என்கிறார். இந்தப் பின்பாதியை எல்லாரும் வசதியாக விட்டுவிடுகிறோம். அதே அதிகாரத்தில் அடுத்த வசனமே பரிசுத்தமானதை நாய்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால், ஆட்டுத்தோல் போர்த்து வரும் கள்ளத் தீர்க்கதரிசிகளை அவர்களுடைய கனிகளினாலே அறிவீர்கள் என்று வருகிறது. நிதானித்துப் பார்க்காமல் இதில் எதைச் செய்ய முடியும்? யோவான் 7:24-இல் இன்னும் நேராகவே, "தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்" என்கிறார். ஆக, புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு வா என்பது கட்டளை இல்லை. ஒரு மனுஷனைப் பற்றி 'இவன் இவ்வளவுதான்' என்று ஃபைலைக் கட்டி வைத்துவிடுகிற அதிகாரம் உனக்குத் தரப்படவில்லை என்பதுதான்.

கண்ணில் தூசி விழுந்த ஒருவருக்கு அதை எடுத்துவிட்டிருக்கிறீர்களா? தூரத்தில் நின்று செய்கிற வேலை இல்லை அது. மூச்சுக்காற்று படுகிற அளவுக்கு அவர் முகத்துக்குக் கிட்டே போக வேண்டும், அவரை வெளிச்சத்தின் பக்கம் திருப்ப வேண்டும், இமையை மெதுவாக விலக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். நம்மைப் பார்த்துப் பயந்துவிட்டால் இறுக மூடிக்கொள்வார், அப்புறம் யார் வந்தாலும் அந்தத் தூசியை எடுக்க முடியாது. மாற்கு 6:3 இயேசுவைத் தச்சன் என்கிறது. மரத்தூள் கண்ணில் விழுவதும், பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்துவிடுவதும் அவர் அன்றாடம் பார்த்த காரியமாகத்தான் இருந்திருக்கும். நாம் செய்வதோ, ஒருவர் கண்ணில் துரும்பு இருக்கிறது என்பதை அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் அறிவிப்பது.

யோவான் 8-ஆம் அதிகாரத்தை இதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். (மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் பகுதி இல்லை, அதனால் பல பதிப்புகளில் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ போட்டு அச்சிட்டிருப்பார்கள். ஆனாலும் சபை இதைக் கைவிடவில்லை, எனக்கும் விட மனமில்லை.) விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்ட பெண்ணைக் கொண்டுவந்து நடுவே நிறுத்துகிறார்கள். லேவியராகமம் 20:10 இரண்டு பேருக்கும்தான் தண்டனை சொல்கிறது, அந்த ஆண் எங்கே போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. இழுத்துக்கொண்டு வந்தவர்களில் ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. பேச்சு முழுக்க அவளைப் பற்றி, இயேசுவிடம். மோசே இப்படிக் கட்டளையிட்டிருக்கிறார், நீர் என்ன சொல்லுகிறீர்? அவரைச் சோதிக்கத்தான் அப்படிக் கேட்டார்கள் என்று யோவான் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறார். அவள் வெறும் சாக்கு. அவள் செத்தாலும் பிழைத்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை.

இயேசு குனிந்து தரையில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று காலங்காலமாக ஆளுக்கொரு ஊகம் உண்டு, நான் அதற்குள் போகவில்லை. பிறகு நிமிர்ந்து, "உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்" என்கிறார். உபாகமம் 17:7-இன்படி சாட்சி சொன்னவர்களுடைய கைதான் முதலில் கல்லெறிய வேண்டும். குற்றம் சாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் நழுவிக்கொண்டு, கல்லை அடுத்தவன் கையில் கொடுக்கிற வேலை அந்தச் சட்டத்திலேயே கிடையாது. சொன்ன வாய்க்கும் எறிகிற கைக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. அதைத்தான் அவர் ஞாபகப்படுத்தினார், கூடவே 'பாவமில்லாதவன்' என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிட்டார். பெரியோர் முதல் சிறியோர் வரை ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அதன் பிறகுதான் அந்தப் பெண்ணிடம் முதல் தடவையாக ஒருவர் பேசுகிறார், அதையும் கேள்வியாகத் தொடங்குகிறார். உன்மேல் குற்றஞ்சாட்டினவர்கள் எங்கே? அவள் பதில் சொல்கிறாள். அப்புறம்தான் "நானும் உனக்கு ஆக்கினைத்தீர்ப்புக் கொடுக்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்பது வருகிறது.

இதில் முன்பாதியை ஒரு கூட்டம் எடுத்துக்கொண்டது, பின்பாதியை இன்னொரு கூட்டம். 'பார்த்தீர்களா, இனிப் பாவம் செய்யாதே என்று இயேசுவே கண்டித்தாரே' என்று உற்சாகமாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கண்டித்தார், உண்மைதான். ஆனால் அவளிடமே சொன்னார், கல்லோடு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு சொன்னார், அவள் உயிரைக் காப்பாற்றிய பிறகு சொன்னார். அவர் நின்ற இடத்தில் நிற்காமல் அவர் சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் இரவல் வாங்கினால் எப்படி?

சரி, தப்பாகவே தீர்த்தும் அதிலிருந்து மீண்ட ஒருவரைப் பார்ப்போம். ஆசாரியனாகிய ஏலி. சீலோவில், ஆலய வாசல் நிலையருகே ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையில்லாத அன்னாள் மனம் கசந்து அழுது ஜெபிக்கிறாள். உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் வெளியே வரவில்லை. ஏலி அவள் வாயையே கவனித்துக்கொண்டிருந்தார் என்கிறது 1 சாமுவேல். அவ்வளவு கவனித்தவர் கடைசியில் கண்டுபிடித்தது, இவள் குடித்திருக்கிறாள் என்று. "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்? உன் குடியை உன்னைவிட்டு விலக்கு." அவருடைய சொந்தப் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும், ஜனங்கள் பலியிடக் கொண்டுவரும் இறைச்சியை அதே இடத்தில் அடாவடியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. அவர்களை அடக்க முடியாதவருக்கு அழுகிற பெண்ணை அதட்ட முடிந்தது. உத்திரத்துக்கும் துரும்புக்கும் பழைய ஏற்பாட்டில் இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஆனாலும் ஏலி ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார். நினைத்ததை அவளிடமே சொன்னார். சொன்னதால்தான் அவளால் மறுக்க முடிந்தது. "அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று தொடங்கி, நான் குடிக்கவில்லை, கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்கிறாள். அவர் அதற்கு மேல் துருவவில்லை, 'இருந்தாலும் நீ...' என்று இழுக்கவில்லை, தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கவில்லை. "சமாதானத்துடன் போ" என்று ஆசீர்வதித்து அனுப்புகிறார். போனவள் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு ஏலி அவளிடம் ஒன்றும் சொல்லாமல், வாசலில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பாவம் அந்த எல்க்கானா மனைவி, குடித்துவிட்டு ஆலயத்துக்கு வருகிறாள், அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்திருந்தால்? உண்மை என்னவென்று ஏலிக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. வருஷாவருஷம் சீலோவுக்கு வரும்போதெல்லாம் ஜனங்கள் ஏன் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று அன்னாளுக்கும் புரிந்திருக்காது.

'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். சபைகளில் புறங்கூறுதலுக்கு இருக்கும் மிக மரியாதையான பெயர் ஜெபக்குறிப்பு. "பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் நம் மத்தியில் ஒரு குடும்பத்தில்..." என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். அடுத்தடுத்த செய்திகளில் பெயரைத் தவிர மீதி அடையாளம் எல்லாம் வந்துவிடும், கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் ஒருவர் சில மாதங்களாக ஆராதனைக்கு வரவில்லை. பின்மாற்றத்தில் போய்விட்டார், அதாவது விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார் என்று ஒருவர் சொன்னார், வேறு சபைக்குத் தாவிவிட்டார் என்று இன்னொருவர், கடன் வாங்கிவிட்டு முகம் காட்ட முடியாமல் இருக்கிறார் என்று மூன்றாமவர். இவ்வளவு 'பாரத்தோடு' பேசியவர்களில் ஒருவரும் அவருக்குப் போன் செய்யவில்லை. வயதான ஒரு அம்மா, காது மந்தம் என்பதால் இந்தப் பேச்சு எதுவும் போய்ச் சேராதவர், ஒரு நாள் நேராக அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏன் தம்பி வரவில்லை?" என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே போகிறதாம். தனியே விட்டால் கதவைத் திறந்துகொண்டு எங்காவது நடக்க ஆரம்பித்துவிடுகிறாராம், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். அவ்வளவுதான் விஷயம். அந்த அம்மா ஒரு தாளில் ஆட்கள் பெயரை எழுதி, ஞாயிறுதோறும் ஒருவர் போய் அப்பாவோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முறை போட்டுவிட்டார். பின்மாற்றம் என்று சொன்னவரும் தன் முறைக்குப் போய் உட்கார்ந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேரில் சொல்லிவிட்டால் மட்டும் அன்பாகிவிடுமா? ஆகாது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவிடம் அவருடைய நண்பர்கள் எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகத்தான் சொன்னார்கள். முதலில் வந்தபோது 7 நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பேச ஆரம்பித்த பிறகு அதிகாரம் அதிகாரமாக ஒரே பல்லவி: இவ்வளவு கஷ்டம் வந்திருக்கிறது என்றால் நீ ஏதோ செய்திருக்கிறாய், ஒத்துக்கொள். யோபு என்ன சொன்னாலும் அது அவர்கள் காதில் ஏறவில்லை, ஏனென்றால் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் விசாரணைக்கே வந்திருந்தார்கள். கடைசியில் கர்த்தர், நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர்களில் ஒருவரான எலிப்பாசிடம் கோபப்படுகிறார். இதே கணக்கைத்தான் சீஷர்களும் பிறவிக் குருடன் விஷயத்தில் போட்டார்கள், இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும் ஜனங்கள் போட்ட கணக்கு அதுதான். இரண்டு தடவையும் இயேசு இல்லை என்று வெட்டிச் சொன்னார். அப்படியும் ஒரு விபத்தோ வியாதியோ வந்தால் முதலில் நமக்கு ஓடுகிற எண்ணம் எது என்பது அவரவருக்குத் தெரியும்.

ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வது வேறு ரகம். அங்கே விஷயம் பாவமே இல்லை. சிலர் எதையும் சாப்பிடுகிறார்கள், சிலர் மரக்கறி மட்டும். சிலர் நாள் பார்க்கிறார்கள், சிலர் பார்ப்பதில்லை. சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்கிறார், இது எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். அதற்கு முன்பே, சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறார். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கட்டுப்பெட்டிகள்தான் நியாயந்தீர்ப்பார்கள், நாமெல்லாம் பரந்த மனசுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு, உடையிலும் இசையிலும் கண்டிப்பாக இருப்பவர்களைப் பார்த்து உதட்டைச் சுழிக்கிறார்களே, அவர்களும் பவுலின் கணக்கில் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்ற கேள்வி இரண்டு பேருக்கும் பொது.

காணிக்கை நேரத்தில் தவறாமல் ஒலிக்கும் ஒரு வசனம் உண்டு: "கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும், அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து, உங்கள் மடியிலே போடுவார்கள்." லூக்கா 6:38. இதற்கு முந்தின வசனத்தைக் காணிக்கைப் பையோடு சேர்த்து யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அது மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள், விடுதலைபண்ணுங்கள் என்பது. அதன் தொடர்ச்சியாகத்தான் கொடுங்கள் என்பது வருகிறது. பணத்துக்குப் பொருந்தாது என்று சொல்ல வரவில்லை, ஆனால் அந்த இடத்தில் பேச்சு இரக்கத்தைப் பற்றி. மனுஷருக்கு எந்தப் படியில் அளந்து போடுகிறாயோ, அதே படிதான் உனக்கும் வரும். இதை நினைத்துக்கொண்டு அந்த வாக்குத்தத்தத்தை வாசித்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் எழுதியதைத் தப்பான ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். தனியாகப் போய்ப் பேசு என்பது எல்லாத் தப்புக்கும் மருந்து இல்லை. ஒரு பிள்ளையிடம் அத்துமீறினவர், மனைவியைக் கைநீட்டி அடிப்பவர், நம்பிக் கொடுத்த பணத்தை எடுத்தவர், இவர்கள் விஷயத்தில் பாதிக்கப்பட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நியாயந்தீர்க்காதே, மன்னித்துவிடு, வெளியே தெரிந்தால் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும் என்று பேசுவது இருக்கிறதே, அது அன்பின் பெயரால் நடக்கும் கொடுமை. 'தனித்திருக்கையில் அவன் குற்றத்தை உணர்த்து' என்று சொல்லும் அதே மத்தேயு 18, அதற்கு முன்பே 6-ஆம் வசனத்தில், இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்று சொல்லிவிடுகிறது. அடிபட்டவரை அடித்தவரிடம் தனியாக அனுப்பிவைக்க அந்த அதிகாரத்தில் இடமே இல்லை. குற்றம் என்றால் போலீஸுக்குப் போக வேண்டும், அதில் ஆவிக்குரிய குழப்பம் எதுவும் தேவையில்லை. அங்கே முதலில் கேட்கப்பட வேண்டியவர் பாதிக்கப்பட்டவர்.

பவுலும் இதில் மழுப்பவில்லை. கொரிந்து சபையில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருக்கிறான், சபையோ கண்டும் காணாமல் இறுமாந்திருக்கிறது. அவனைத் தள்ளிப்போடுங்கள் என்று 1 கொரிந்தியர் 5-இல் எழுதுகிறார். அங்கேதான், புறம்பே இருக்கிறவர்களைக் குறித்துத் தீர்ப்புச் செய்வது என் காரியமா, உள்ளே இருக்கிறவர்களைக் குறித்தல்லவா நீங்கள் தீர்ப்புச் செய்ய வேண்டும் என்று கேட்கிறார். நாம் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டோம். வெளியே இருப்பவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி மேடைபோட்டுப் பேசுகிறோம், உள்ளே நடப்பதை ஜமுக்காளத்தைப் போட்டு மூடுகிறோம். அந்தியோகியாவில் பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியில் உட்காராமல் ஒதுங்கிக்கொண்டபோது, பவுல் அவரை முகமுகமாக எதிர்த்தார், எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார். தப்பு எல்லார் முன்னாலும் நடந்தது, அதனால் கேள்வியும் அங்கேயே வந்தது. பேதுரு இல்லாத இடத்தில் பேதுருவைப் பற்றி என்று அது ஆரம்பிக்கவில்லை.

'அன்பினால்தான் கண்டிக்கிறேன்' என்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன், யோவானின் முதல் நிருபத்தைப் பற்றிப் பிரசங்கித்தபோது, அன்புகூரு, பிறகு உன் விருப்பப்படி செய் என்றார். பேசாமல் இருந்தாலும் அன்பினால் இரு, திருத்தினாலும் அன்பினால் திருத்து. ஒரு தகப்பன் பிள்ளையை அடிப்பதும் உண்டு, பிள்ளை பிடிக்கிறவன் கொஞ்சுவதும் உண்டு, வெளிச்செயலை மட்டும் பார்த்து ஏமாறாதே என்று விளக்குகிறார். அருமையான பேச்சு. அதே அகுஸ்தீன், வட ஆப்பிரிக்காவில் பிரிந்துபோயிருந்த தோனாத்தியரைக் கட்டாயப்படுத்திச் சபையில் சேர்ப்பதை ஆரம்பத்தில் எதிர்த்தவர், பின்னால் மனம் மாறி அரசாங்கத்தின் பலப்பிரயோகத்தை ஆதரித்தார். 411-இல் கார்த்தேஜில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு அபராதமும் பறிமுதலுமாக நெருக்கடி முற்றியது. மரண தண்டனை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விருந்துக்கு ஆட்களை வருந்திக் கூட்டிக்கொண்டு வரச் சொன்ன லூக்கா 14 உவமையை இதற்கு ஆதாரமாகக் காட்டினார். அன்பைப் பற்றி அவ்வளவு ஆழமாகப் பேசினவருக்கே இப்படி ஆயிற்று என்றால், 'உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்' என்று நாம் ஆரம்பிக்கும்போது எதிரில் இருப்பவர் ஒரு அடி பின்வாங்குவதில் ஆச்சரியம் இல்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் மோசே என்று ஒரு துறவி இருந்தார். எத்தியோப்பியர், ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். ஒரு சகோதரன் ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று மற்றவர்கள் கூடி விசாரிக்கிறார்கள், இவருக்கும் ஆள் அனுப்புகிறார்கள். வர மறுத்தவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகு ஒரு ஓட்டைப் பானையில் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு வருகிறார். இது என்ன என்று கேட்டதற்கு, என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, நான் அதைப் பார்ப்பதில்லை, இன்றைக்கு இன்னொருவன் தப்பைத் தீர்க்க வந்திருக்கிறேன் என்றாராம். அவர்கள் அந்தச் சகோதரனை மன்னித்துவிட்டார்கள் என்று பாலைவனத் துறவிகளின் மொழிகளில் இருக்கிறது. தப்பே நடக்கவில்லை என்று மோசே வாதாடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, நேரில் போய்ப் பேசியும் கேட்கவில்லை என்றால்? மத்தேயு 18 அதற்கும் வழி சொல்கிறது. முதலில் நீயும் அவனும் மட்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நடைமுறையில் நாம் மூன்றாவது படியில் தொடங்கி, முதல் படிக்கு இறங்கி வருவதே இல்லை. சபைக்கும் செவிகொடாவிட்டால், அவன் உனக்கு அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக என்று முடிகிறது. இதைக் கதவை இழுத்துச் சாத்துவதற்கான அனுமதியாகவே வாசித்துப் பழகிவிட்டோம். உறவு பழையபடி இருக்காது என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயக்காரரை, அதாவது ஜனங்கள் வெறுத்த வரி வசூலிப்பவர்களை, எப்படி நடத்த வேண்டும் என்று யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது? இந்த வார்த்தை இருக்கிற சுவிசேஷத்தின் பெயரே ஒரு ஆயக்காரனுடைய பெயர். ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த அவனிடம் இயேசு போய்ப் பேசியதும், அப்புறம் ஆயக்காரரோடும் பாவிகளோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததும் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 18:17-ஐ யார்மேலாவது பிரயோகிக்கப் போகிறவர்கள் அதை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போகட்டும்.